ராக்கெட்டும் இங்கிலீஷும்: வாசகர் கேள்வி–பதில்

விண்வெளி பற்றி எழுதிக் கேட்ட வாசகர்கள் பலர் அதே கடிதத்தில் ஆங்கிலத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். மகேந்திரகிரியில் இஞ்சின் சோதனை நடக்கும் மலையைத் தினமும் பார்க்கிற ஊர்க்காரர்களுக்கு இரண்டும் சேர்ந்தே மனத்தில் வருவது இயல்புதான். அதனால் இந்த முறை அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில்.

என் மகன் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு, தமிழ்வழி. இஸ்ரோவில் சேர வேண்டும் என்கிறான். இப்போதே ஆங்கிலவழிக்கு மாற்றாவிட்டால் பிறகு நடக்காது என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?
— ஒரு தாய், மார்த்தாண்டம்

மாற்ற வேண்டாம் அம்மா. உங்கள் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2018 முதல் 2022 வரை இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன், சரக்கல்விளையில் தமிழ்வழியில் படித்தவர். 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்பை ஏற்ற வி. நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர். டிப்ளமோ முடித்து 1984-இல் இஸ்ரோவில் சேர்ந்து, அதன் பிறகு காரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் (மிகக் குளிர்நிலை) பொறியியலில் எம்.டெக்., விண்வெளிப் பொறியியலில் பிஎச்.டி. என்று மேலே போனவர். ஐ.ஐ.டி. வழியாக மட்டும்தான் உள்ளே போக முடியும் என்பதில்லை.

தேர்வுகளில் எங்கே ஆங்கிலம் கட்டாயம், எங்கே இல்லை என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயினைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். விண்ணப்பம் நிரப்பும்போதே மொழியைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வினாவே இறுதியானது. அடுத்த படியான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. திருவனந்தபுரம் வலியமலையில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் பி.டெக். சேர அந்த அட்வான்ஸ்டு தேர்வில் தேறியாக வேண்டும். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள் இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றையும் ஆங்கிலத்தில் வாசித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் வந்துவிட வேண்டும். எட்டாம் வகுப்புப் பையனுக்கு அதற்கு நான்கு ஆண்டுக்கு மேல் இருக்கிறது.

எப்படிப் பழக்குவது? தமிழ்நாட்டுப் பாடநூலில் ஒரு வசதி உண்டு. தமிழ்வழிப் புத்தகமும் ஆங்கிலவழிப் புத்தகமும் ஒரே பாடம், ஒரே படம், ஒரே கணக்கு. ஆங்கிலவழி அறிவியல் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். முதலில் தமிழில் படிக்கட்டும். பொருள் தெளிவான பிறகு தமிழ்ப் புத்தகத்தை மூடிவிட்டு, அதே பக்கத்தை ஆங்கிலத்தில் வாசிக்கட்டும். புரியாத சொல்லை ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டு எழுத வேண்டும்: ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், அந்தச் சொல் வந்த முழு வாக்கியம். மூன்றாவது கட்டத்தை விட்டுவிட்டு அகராதிப் பொருளை மட்டும் எழுதும் பிள்ளைகள்தான் பின்னால் தடுமாறுகிறார்கள்.

காரணத்தை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். இயற்பியல் கணக்கில் 'லைட் ஸ்ட்ரிங்' என்று வரும். 'லைட்' என்றால் ஒளி என்று மனப்பாடம் செய்த பிள்ளை அங்கேயே நின்றுவிடும். கணக்கு கேட்பது நிறையைப் புறக்கணிக்கத்தக்க கயிறு. 'ஸ்மூத்' தளம் என்றால் வழவழப்பு என்று ரசிக்க வேண்டியதில்லை, உராய்வு சுழி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். வடிவியலில் 'புரொடியூஸ்' என்றால் கோட்டை நீட்டு. 'ரெஸ்பெக்டிவ்லி' வந்தால் சொன்ன வரிசைப்படியே பொருத்திப் பார்க்க வேண்டும். 'அட்லீஸ்ட்' என்றால் குறைந்தது, 'அட்மோஸ்ட்' என்றால் அதிகபட்சம். நிகழ்தகவுக் கணக்கில் இந்த இரண்டையும் மாற்றிப் படித்தால் கணக்குத் தெரிந்தும் மதிப்பெண் போய்விடும். தமிழிலும் இப்படி ஒரு வழுக்கல் உண்டு: உந்தம் வேறு, உந்துவிசை வேறு. முன்னது 'மொமென்டம்', பின்னது 'திரஸ்ட்'. ராக்கெட் பாடத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரியில் வரும். இப்படிப்பட்ட சொற்கள் மொத்தமாகச் சேர்த்தால் ஒரு நோட்டுக்குள் அடங்கும்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு கணக்குகளை மட்டும் ஆங்கிலத்தில் வாசித்துச் செய்யப் பழகட்டும். கருத்து தமிழில் உறுதியாகப் பதிந்திருந்தால் மேலே ஆங்கிலத்தை ஏற்றிக்கொள்ளலாம். கருத்தே மங்கலாக இருக்கும்போது மொழியையும் மாற்றினால், எது புரியவில்லை என்பதே பிள்ளைக்குத் தெரியாமல் போகும்.

முதல் செயற்கைக்கோளையும் முதல் மனிதரையும் அனுப்பியது சோவியத் ஒன்றியம். பிறகு எப்படி விண்வெளியின் மொழி ஆங்கிலமானது?
— கல்லூரி மாணவர், இரணியல்

நல்ல கேள்வி. போட்டியில் யார் முந்தினார் என்பதும் யார் மொழி நிலைத்தது என்பதும் வெவ்வேறு கணக்குகள்.

1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் ஏறியபோது அமெரிக்காவில் முதலில் வந்தது பதற்றம், அடுத்து வந்தது பாடத்திட்டம். 1958-இல் அவர்கள் போட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் அறிவியலுக்கும் கணிதத்துக்கும் மட்டுமல்ல, அயல்மொழிக் கல்விக்கும் பணம் ஒதுக்கியது. ருஷ்ய மொழி அதில் முக்கியமானது. சோவியத் அறிவியல் இதழ்களை அட்டை முதல் அட்டை வரை ஆங்கிலத்தில் பெயர்க்கும் வேலையும் அந்தக் காலத்தில் பெருகியது. இதை எல்லோரும் கவனிக்க வேண்டும். எதிரி எழுதியதையும் தன் மொழியில் கிடைக்கச் செய்த மொழி ஆங்கிலம். ருஷ்யன் தெரியாத ஜப்பான்காரரும் இந்தியரும் ருஷ்ய ஆராய்ச்சியை ஆங்கிலத்தில் படிக்க முடிந்தது. ஒரு மொழி உலகமொழியாக இதைவிடப் பெரிய காரணம் அதிகம் இல்லை.

நம் பக்கத்திலேயே பாருங்கள். தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று ஏவிய முதல் ராக்கெட்டான நைக்-அப்பாச்சி அமெரிக்காவுடையது, அதன் தலையில் இருந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சுடையது. பத்தாண்டு கழித்து விகாஸ் இஞ்சின் தொழில்நுட்பத்தைக் கற்க நம் பொறியாளர்கள் பிரான்சின் வெர்னோனுக்குப் போனார்கள். அந்தக் குழுவை நடத்திய நம்பி நாராயணன் நாகர்கோவில்காரர். கிரையோஜெனிக் இஞ்சின்கள் வந்தது ருஷ்யாவிலிருந்து. இந்திய ராக்கெட்டின் பிறப்பில் மூன்று நாட்டு மொழிகளும் கலந்திருக்கின்றன.

1975 ஜூலை 17 அன்று அமெரிக்க அப்பல்லோவும் சோவியத் சோயூஸும் வானத்தில் இணைந்தன. அங்கே மொழிக்கு ஒரு அழகான ஏற்பாடு செய்தார்கள். அமெரிக்கர்கள் ருஷ்யனில் பேசினார்கள், ருஷ்யர்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள். தன் தாய்மொழியில் பேசுகிறவர் வேகமாகவும் சுருக்கியும் வழக்குச் சொல் கலந்தும் பேசிவிடுவார். கற்ற மொழியில் பேசுகிறவர் நிதானமாக, எளிய சொல்லில் பேசுவார். கேட்பவருக்கோ அது தன் தாய்மொழி. பிழை குறையும். இன்றைக்கும் இரண்டு மொழிக்காரர்கள் சேர்ந்து ஆபத்தான வேலை செய்யும் இடத்தில் பின்பற்றத் தக்க முறை இது.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொது வேலைமொழி ஆங்கிலம். ஆனால் சோயூஸில் ஏறுகிறவர் ருஷ்யன் படித்தே ஆக வேண்டும். 1984 ஏப்ரல் 3 அன்று சோயூஸ் டி-11இல் போன ராகேஷ் சர்மாவும் அப்படிப் படித்தவர். 2025 ஜூனில் நிலையத்துக்குச் சென்ற சுபான்ஷு சுக்லாவும் அதற்கு முன்பு இந்தியாவே மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டப் பயிற்சிக்காக ருஷ்யாவில் ஓராண்டு இருந்தவர். சீனாவின் தியாங்கோங் நிலையத்தில் திரைகள் சீன மொழியில் இருக்கின்றன. 2017-இல் சீன வீரர்களோடு கடல் தப்பிப்புப் பயிற்சிக்குப் போன ஐரோப்பிய விண்வெளி வீரர்கள் சீனம் கற்றுக்கொண்டு போனார்கள். கலம் யாருடையதோ, அவர் மொழி. ஆங்கிலம் இன்று முன்னால் நிற்பதும் அந்த விதிப்படிதான்.

வாயேஜர் விண்கலத்தில் உலக மொழிகளில் வணக்கம் அனுப்பினார்களே, அதில் தமிழ் உண்டா?
— வாசகி, பத்மநாபபுரம்

இல்லை. 1977-இல் ஏவிய இரண்டு வாயேஜர்களிலும் தங்கமுலாம் பூசிய செப்புத்தட்டு இருக்கிறது. அதில் 55 மொழிகளில் வாழ்த்து. இந்தியாவில் பேசும் மொழிகளில் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மராத்தி, குஜராத்தி, பஞ்சாபி, ஒடியா, உருது, ராஜஸ்தானி இருக்கின்றன. தமிழும் மலையாளமும் இல்லை. தமிழ் வாழ்த்து போயிருக்கிறது என்று சுற்றிவரும் செய்தி தவறு. இந்திய இசையாகப் போனது கேசர்பாய் கேர்கரின் ஒரு பாடல்.

ஆழ்கடலுக்குப் போகிறோம். வயர்லெஸ்ஸில் வெளிநாட்டுக் கப்பல் பேசினால் ஒன்றும் விளங்குவதில்லை. ஆபத்துக்கு நாங்கள் என்ன இங்கிலீஷ் பேச வேண்டும்? செயற்கைக்கோள் எச்சரிக்கை தமிழில் வருமா?
— விசைப்படகுத் தொழிலாளர், குளச்சல்

அண்ணாச்சி, இந்தப் பக்கத்திலேயே அவசரமான கேள்வி உங்களுடையது. உயிர் காக்கும் ஆங்கிலம் ஒரு கைக்குள் அடங்கும். கடலுக்கென்றே சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-இல் நிலையான சொற்றொடர்களை வகுத்தது. கொரியக் கப்பலில் இருப்பவருக்கும் அது பள்ளி ஆங்கிலம்தான். ஆகவே கூச்சப்பட வேண்டாம், மெதுவாகச் சொன்னால் போதும்.

வயர்லெஸ்ஸை 16-ஆம் சானலில் வையுங்கள். அது 156.8 மெகாஹெர்ட்ஸ், எல்லாக் கப்பலும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய சானல். பவரை 'ஹை'யில் போடுங்கள். பட்டனை அழுத்தியதும் உடனே பேசாமல் ஒரு நொடி விட்டுப் பேசுங்கள், இல்லாவிட்டால் முதல் சொல் அறுந்துபோகும். வரிசை இதுதான்: உயிராபத்து என்பதற்கான குறிச்சொல் 'மேடே' மூன்று தடவை. 'திஸ் இஸ்' என்று சொல்லிப் படகின் பெயர் மூன்று தடவை. மறுபடி 'மேடே', படகின் பெயர் ஒரு தடவை. 'மை பொசிஷன்' என்று சொல்லி இடம். அடுத்து என்ன ஆபத்து: மூழ்குகிறது என்றால் 'ஐ ஆம் சிங்கிங்', தண்ணீர் ஏறுகிறது என்றால் 'ஐ ஆம் ஃபிளடிங்', தீ என்றால் 'ஐ ஆம் ஆன் ஃபயர்'. 'ஐ ரிக்வயர் அசிஸ்டன்ஸ்'. எத்தனை பேர் என்று சொல்லி 'பெர்சன்ஸ் ஆன் போர்ட்'. கடைசியில் 'ஓவர்'. பட்டனை விட்டுவிடுங்கள். அழுத்தியபடியே இருந்தால் பதில் வந்தாலும் உங்கள் காதில் விழாது.

எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பதினைந்தை 'ஃபிஃப்டீன்' என்றால் இரைச்சலில் ஐம்பது போலக் கேட்கும். 'ஒன் ஃபைவ்' என்றால் குழப்பம் இல்லை. அவர் சொன்னது விளங்காவிட்டால் 'சே அகெய்ன்' என்று கேளுங்கள். 'ரிப்பீட்' என்று சொல்லக் கூடாது. கடல் வழக்கில் அதன் பொருள், முக்கியமானதை நானே மறுபடி சொல்கிறேன் என்பது.

பெரிய பிழை நடப்பது இடம் சொல்லும்போது. ஜி.பி.எஸ். கருவி டிகிரி–மினிட் கணக்கில் 7 டிகிரி 30 மினிட் வடக்கு என்று காட்டும். அதைப் பார்த்து 'செவன் பாயின்ட் த்ரீ' என்று சொல்லிவிட்டால், கேட்பவர் 7.3 டிகிரி என்று போடுவார். அது 7 டிகிரி 18 மினிட். வித்தியாசம் 12 மினிட், அதாவது 12 கடல் மைல், ஏறக்குறைய 22 கிலோமீட்டர். தேடி வருகிறவர்கள் அவ்வளவு தூரம் தள்ளி உங்களைத் தேடுவார்கள். 'செவன் டிகிரீஸ், த்ரீ ஸீரோ மினிட்ஸ், நார்த்' என்றே சொல்லுங்கள். கருவியில் எந்த முறை போட்டிருக்கிறது என்று கரையில் இருக்கும்போதே பார்த்து, படகை ஓட்டும் ஸ்ராங்குக்கும் உடன் வருகிறவர்களுக்கும் சொல்லிவையுங்கள். மேலே உள்ள வரிசையைத் தமிழ் எழுத்தில் எழுதி, நனையாதபடி பிளாஸ்டிக் உறையிட்டு, வயர்லெஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஸ்ராங்குக்கு ஏதாவது ஆனால் யார் வேண்டுமானாலும் வாசிக்க வேண்டும். கைப்பேசி எட்டும் தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் போலீஸின் 1093 இரண்டிலும் தமிழிலேயே பேசுங்கள்.

எச்சரிக்கை பற்றி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குக் கரையின் செய்தி போய்ச் சேரவில்லை. கைப்பேசி கோபுரம் சில கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. அதற்குப் பிறகு 2019-இல் வந்ததுதான் ஜெமினி கருவி. ஜி.பி.எஸ்.ஸைத் துல்லியமாக்கும் இந்தியாவின் ககன் அமைப்பின் செயற்கைக்கோள்கள் வழியாக வரும் புயல், உயர் அலை, மீன்வளப் பகுதித் தகவல்களை வாங்கி, புளூடூத்தில் உங்கள் கைப்பேசிக்குத் தரும். செயலி தமிழ் உட்பட மாநில மொழிகளில் இருக்கிறது. ஆனால் அது ஒருவழி, வாங்க மட்டுமே செய்யும். இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவி ஜிசாட்-6 செயற்கைக்கோள் வழியாக இருவழி, படகிலிருந்தும் ஆபத்துச் செய்தி அனுப்பலாம். எந்தக் கருவியானாலும், துறைமுகத்திலேயே மொழியைத் தமிழுக்கு மாற்றி, ஒரு சோதனைச் செய்தி வந்து சேர்கிறதா என்று பார்த்த பிறகே கிளம்புங்கள். புயல் எச்சரிக்கையை நடுக்கடலில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. அது வாசிக்கிறவரின் தாய்மொழியில் வந்தே ஆக வேண்டும்.

ஐ.டி.ஐ. ஃபிட்டர் படிக்கிறேன். விண்வெளி, விமானத் தொழிற்சாலைகளில் வேலைக்குறிப்பு எல்லாம் ஆங்கிலத்தில் இருக்குமாமே. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரட்டுமா?
— மாணவர், கோணம், நாகர்கோவில்

சேருவது நல்லதுதான், தம்பி. ஆனால் வேலைக்குறிப்பின் ஆங்கிலம் பேச்சு ஆங்கிலம் அல்ல. அது வேண்டுமென்றே சுருக்கப்பட்ட ஆங்கிலம். விமானத் துறை 1980-களில் இதற்கென்று ஒரு கட்டுப்பாட்டு மொழியையே உருவாக்கியது. இன்று அதன் பெயர் ஏ.எஸ்.டி.-எஸ்.டி.இ. 100. பொதுச்சொற்கள் ஏறத்தாழ 900, அவற்றோடு தொழில்நுட்பப் பெயர்கள். வேலைப்படி ஒன்றுக்கு 20 சொல்லுக்கு மேல் கூடாது. ஒரு வாக்கியத்தில் ஒரே ஓர் உத்தரவு. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்: 'குளோஸ்' என்றால் மூடு மட்டுமே, அருகில் என்று சொல்ல 'நியர்'. 'ஃபாலோ' என்றால் பின்னால் வருவது மட்டுமே, விதியைக் கடைப்பிடி என்று சொல்ல 'ஒபே'. தொடங்கு என்பதற்கு 'ஸ்டார்ட்' ஒன்றுதான்.

நீங்கள் பழக வேண்டியது உத்தரவு வினைகள்: 'ரிமூவ்', 'இன்ஸ்டால்', 'டைட்டன்', 'லூஸன்', 'டார்க்', 'இன்ஸ்பெக்ட்', 'மேக் ஷ்யூர்'. 'டைட்டன்' என்றால் இறுக்கு, 'டார்க்' என்றால் குறிப்பிட்ட அளவு முறுக்கத்துக்கு டார்க் ரென்ச் வைத்து இறுக்கு. இரண்டையும் ஒன்றாக எண்ணினால் போல்ட்டின் மரை அழிந்துபோகும், அல்லது அதிர்வில் கழன்றுவிடும். 'அன்டில்' எங்கே வருகிறது என்று பாருங்கள், அங்கேதான் நிறுத்த வேண்டும். எச்சரிக்கை வரி வேலைப்படிக்கு முன்னால் இருக்கும், படித்த பிறகே கை வைக்க வேண்டும்.

சொல்லைவிட அலகு இன்னும் ஆபத்து. 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் செவ்வாய்க் காலநிலைச் சுற்றுக்கலம் அழிந்ததற்குக் காரணம், தரையில் ஒரு மென்பொருள் உந்துதலைப் பவுண்டு-விசை கணக்கில் கொடுத்ததும், அதை நியூட்டன் கணக்கென்று எடுத்துக்கொண்டதும். ஒரு பவுண்டு-விசை 4.45 நியூட்டன். எழுதியவர்களும் படித்தவர்களும் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள். நீங்கள் வரைபடத்தில் ஓர் எண்ணைப் பார்த்தால் பக்கத்தில் அலகையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

விண்வெளி நிலையத்தில் பேசுவதை வீட்டிலிருந்தே கேட்க முடியுமா?
— பத்தாம் வகுப்பு மாணவி, தக்கலை

முடியும் மக்ளே, செலவும் அதிகமில்லை. கணினியில் செருகும் ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். என்ற சிறு ரேடியோ வாங்கிகள் கிடைக்கின்றன. ஆண்டெனாவை நீங்களே செய்யலாம்: 49 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு அலுமினியக் கம்பிகள், நடுவில் 120 பாகையில் வி வடிவம். ஒன்றைக் கோஆக்ஸ் கேபிளின் நடுக்கம்பியிலும் மற்றதை அதன் வலையிலும் இணைக்கவும். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. கேபிள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. மொட்டை மாடியில் படுக்கைவாக்கில் வையுங்கள். தென்னை மரங்கள் மறைத்தால் சமிக்ஞை மங்கும்.

நிலையம் 400 கிலோமீட்டருக்குச் சற்று மேலே, 93 நிமிடத்துக்கு ஒரு சுற்று. உங்கள் தலைக்கு மேல் அதிகபட்சம் 10 நிமிடம். எப்போது கடக்கும் என்று சொல்லும் செயலிகளில் நேரம் உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் இருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். குரல் வருவது 145.800 மெகாஹெர்ட்ஸ், எஃப்.எம். நிலையம் உங்களை நோக்கி வரும்போது அலைவரிசை 3 கிலோஹெர்ட்ஸ் போல உயர்ந்தும், விலகும்போது அதே அளவு தாழ்ந்தும் இருக்கும். 145.803-இல் தொடங்கி 145.797 வரை மெல்ல இறக்கிக்கொண்டே வர வேண்டும். இதைச் செய்யாவிட்டால் ஒலி கரகரக்கலாம்.

எந்நேரமும் பேச்சு இருக்காது. பள்ளி மாணவர்களோடு விண்வெளி வீரர்கள் பேசும் நிகழ்ச்சி முன்கூட்டியே அறிவிக்கப்படும். அதிலும் பதில் மட்டும்தான் உங்களுக்குக் கேட்கும், தொலைவிலுள்ள பள்ளியின் கேள்வி கேட்காது. மற்ற நேரங்களில் 437.800-இல் நிலையத்தின் ரிப்பீட்டர் (வாங்கிய குரலை மறுபடி ஒலிபரப்பும் கருவி) வழியே ஹாம்கள், அதாவது உரிமம் பெற்ற பொழுதுபோக்கு ரேடியோக்காரர்கள், தங்கள் அடையாளக் குறியைச் சொல்வார்கள். இந்தியர்களின் குறி 'விக்டர் யூனிஃபார்ம்' என்று தொடங்கும். அங்கே அலைவரிசை நகர்வு மூன்று மடங்கு, அதற்கேற்ப வேகமாகத் திருப்ப வேண்டும். பதிவு செய்து வைத்து, 'ஆல்ஃபா, பிராவோ, சார்லி' வரிசையைப் பக்கத்தில் எழுதி, கேட்ட எழுத்தை ஒவ்வொன்றாகக் குறித்துப் பாருங்கள். முதல் நாள் இரண்டு எழுத்து பிடிபட்டால் சரியான தொடக்கம். நீங்களே பேச வேண்டுமென்றால் ஹாம் தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும். 12 வயது நிறைந்தால் எழுதலாம். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புப் பட்டனைத் தொடவே கூடாது.